காட்ஸ்வோல்ட்ஸ் மேடுபள்ளமும் உங்கள் முழங்காலும்

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதிக்குச் சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். தேன்நிறக் கல் வீடுகள், ஓடை, ஆட்டு மந்தை, மெல்ல ஏறி இறங்கும் புல்வெளி. மலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. இருப்பதிலேயே உயரமான கிளீவ் ஹில் 330 மீட்டர்தான். அதனால் பெரிதாக எதையும் யோசிக்காமல் கிளம்பிவிடுகிறார்கள். நான் இந்தப் பக்கத்தில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். கோடை தொடங்கியதும் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது என்றும், சுண்டுவிரல் மரத்துப்போயிருக்கிறது என்றும் வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்கள் என்று கேட்டால், வீட்டுப் பக்கம் வழக்கமாக ஓட்டும் தூரத்தைவிட அதிகமாக இருக்காது. அவர்களைப் படுத்தியது தூரம் இல்லை, ஏற்ற இறக்கம்.

அந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் அடியில் இருக்கும் கல். ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புக்கல் அது. சாலையோர மதிலில் ஒரு கல்லை உற்றுப் பார்த்தால் ரவை போல உருண்டைச் சிறு மணிகள் தெரியும். மழைத்தண்ணீர் இந்தக் கல்லின் மேல் நிற்காது. விரிசல் வழியாக இறங்கி, கீழே களிமண் அடுக்கைத் தொட்டதும் சரிவின் பக்கவாட்டில் ஊற்றாக வெளியே வரும். மேட்டில் தண்ணீர் இல்லை, பள்ளத்தில் இருக்கிறது. எனவே ஊர்கள் பெரும்பாலும் பள்ளத்தில் ஓடைக்கரையில் அமைந்தன, மேடு ஆடு மேய்க்க விடப்பட்டது. அந்த ஆட்டு ரோமம்தான் இந்த ஊர்களுக்குச் செல்வம் கொடுத்தது. நார்த்லீச்சிலும் சிப்பிங் கேம்ப்டனிலும் ஊரின் அளவுக்குப் பொருந்தாத அவ்வளவு பெரிய தேவாலயங்கள் எழும்பியது கம்பளி வியாபாரிகளின் பணத்தில். பைபரியில் எல்லோரும் படம் எடுக்கும் ஆர்லிங்டன் ரோ 14ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டு, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர்களின் வீடுகளாக மாறியது. ஸ்டோ-ஆன்-த-வோல்ட் மாதிரி மேட்டில் உட்கார்ந்த ஊர்களும் உண்டு. ரோமானியர் போட்ட ஃபாஸ் வே சாலை அந்த வழியாகப் போகிறது. சந்தையால் வளர்ந்த ஊர் அது. ஆனால் நீங்கள் பார்க்க ஆசைப்படும் ஊர்களில் அநேகமும் பள்ளத்தில்தான். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போவதென்றால் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும்.

ரயிலில் மோர்ட்டன்-இன்-மார்ஷ் வந்து இறங்குபவர்கள் விரும்பிப் போகும் ஒரு சுற்றைப் பாருங்கள். ஸ்டோவுக்கு ஏறி, லோயர் ஸ்லாட்டருக்கு இறங்கி, நான்டன், கைட்டிங் பவர் வழியாக மேட்டைக் கடந்து ஸ்னோஸ்ஹில், அங்கிருந்து சரசரவென்று பிராட்வே. பிராட்வே இருப்பது மேற்குச் சரிவின் அடிவாரத்தில். அடுத்து சிப்பிங் கேம்ப்டன் போக வேண்டும் என்றால் அந்தச் சரிவு முழுவதையும் திரும்ப ஏற வேண்டும், அதுவும் கால் ஓய்ந்துபோன கடைசிப் பகுதியில். எனக்குத் தெரிந்து பலருடைய முழங்கால் வலி தொடங்குவது அங்கேதான். இதே சுற்றை எதிர்த்திசையில் ஓட்டினால் பெரிய ஏற்றம் கால் புதிதாக இருக்கும்போதே முடிந்துவிடும். கிளம்பும் முன் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டிஷ் அரசு நில அளவை நிறுவனத்தின் வரைபடத்தைப் பாருங்கள். சாலைக்கோட்டின் மேல் ஓர் அம்புக்குறி இருந்தால் 14 முதல் 20 சதவீதச் சரிவு, இரண்டு இருந்தால் அதைவிடச் செங்குத்து. மொத்த தூரத்தைவிட இந்த அம்புகள்தான் முக்கியம்.

முழங்காலுக்கு என்ன ஆகிறது? பெடலை மிதிக்கும்போது முழங்கால் சில்லு தொடை எலும்பின் பள்ளத்தில் அழுந்துகிறது. கால் எவ்வளவு மடங்கியிருக்கிறதோ, எவ்வளவு பலமாக மிதிக்கிறீர்களோ, அவ்வளவு அழுத்தம். கியர் சரியில்லை என்றால் மிதியின் பலம் கூடும், சீட் தாழ்வாக இருந்தால் மடக்கம் கூடும். நான் பார்க்கும் பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

முதலில் கியர். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 60 முறை சுற்றினால் வேகம் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரம் 28 பல்தான் என்றால், அதே வேகத்தில் ஏறும்போது காலின் சுற்று நிமிடத்துக்கு 50க்கும் கீழே போய்விடும். ஒவ்வொரு மிதிக்கும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் பலம் கொடுக்க வேண்டும். ஒரு நாளில் பத்து ஏற்றம் என்றால் அந்தக் கூடுதல் சுமை முழுவதும் முழங்காலில்தான் இறங்கும். பந்தய வீரர்களுக்கான கியரைச் சாதாரண ஆட்களின் தலையில் கட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். பின்பக்க பல்சக்கரத் தொகுதியை, அதாவது கேசட்டை, மாற்றுவது ஒன்றும் பெரிய செலவு இல்லை. 34 பல் உங்கள் சைக்கிளில் பொருந்துமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், நடுச்சரிவில் செயின் திணறும்போது அல்ல. அப்படியும் முடியவில்லையா, இறங்கித் தள்ளுங்கள். மின்சைக்கிள் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் தாராளமாக வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அப்புறம் சீட். வருகிறவர்களைச் சைக்கிளையும் கொண்டுவரச் சொல்வேன். சுவரைப் பிடித்தபடி ஏறி உட்கார்ந்து, ஷூவோடு குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் கால் நேராக நீண்டால் உயரம் கிட்டத்தட்ட சரி. பிறகு முன்பாதத்தைப் பெடலில் வைத்தால் முழங்கால் லேசாக மடங்கும்; அந்த மடக்கம் 25 முதல் 35 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் வந்திருந்தார். வலி எங்கே என்றதும் கட்டைவிரலைச் சில்லின் கீழ் விளிம்பில் அழுத்திக் காட்டினார். இந்தக் குதிகால் சோதனையில் அவர் கால் நீளவே இல்லை, நன்றாக மடங்கியே நின்றது. நின்றால் தரையில் முழுப் பாதமும் ஊன்ற வேண்டும் என்பதற்காகச் சீட்டைத் தாழ்த்தி வைத்திருந்தார். நம்மில் பலர் சிறுவயதில் பழகியது அப்படித்தான். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொண்டு, சில வாரங்களில் சீட்டைச் சிறிது சிறிதாக உயர்த்தினார். கூடவே பயிற்சியும் செய்தார், வலி போனது. ஒரே நாளில் மொத்தமாக உயர்த்த வேண்டாம். அளவு மீறினால் முழங்காலின் பின்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும்.

பயிற்சி என்றேனே, அது வீட்டு மாடிப்படியிலேயே செய்யக்கூடியது. கீழ்ப்படியில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் குதிகால் தரையைத் தொடும்வரை மெல்ல, மூன்று நான்கு நொடி எடுத்து இறங்க வேண்டும். எதிரே கண்ணாடி வைத்துப் பாருங்கள். முழங்கால் உள்பக்கம் சரிந்தால் இடுப்புத் தசைக்குப் பலம் போதவில்லை. லண்டனின் ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டு மாதிரிச் சமதளத்தில் ஓட்டுகிறவர்கள் பயணத்துக்கு ஆறு வாரம் முன்பிருந்தே, வாரம் மூன்று நாள் இதைச் செய்யுங்கள்.

இறக்கத்தில் அடிபடுவது கை. பிரேக்கை இறுகப் பிடித்தபடி உடல் எடையை உள்ளங்கையில் சாய்த்து இறங்கினால், மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கமாகப் போகும் நரம்பு நசுங்கும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது அதனால்தான். முழங்கையை லேசாக மடக்கி, ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடித்தால் குறைந்த பலத்திலேயே பிரேக் பிடிக்கும். சமதளத்தில் அடிக்கடி பிடியை மாற்றுங்கள். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தாலும் எடை கைக்குத்தான் வரும், அதையும் பாருங்கள். டயர் 28 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டலாம், அதிர்வு குறையும்.

ஊருக்குள் இறங்கும் சந்துகள் குறுகியவை. இருபுறமும் கல்மதிலோ வேலியோ மறைப்பதால் வளைவுக்கு அப்பால் குதிரையா டிராக்டரா தெரியாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட நெடுஞ்சாலை விதிமுறைப்படி, வாகனம் குறைந்த சாலையில் சைக்கிள்காரர் தன் தடத்தின் நடுவில் ஓட்டலாம். ஓரத்தை ஒட்டிப் போவதைவிட அது பாதுகாப்பு, தூரத்திலேயே உங்களைப் பார்த்துவிடுவார்கள்.

விரல் மரப்பு சில நாட்களில் போகவில்லை என்றாலோ, பிடி பலவீனமானாலோ, முழங்கால் வீங்கினாலோ, எடை தாங்காமல் திடீரென்று மடங்கினாலோ வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொன்றும் உண்டு. நம் தெற்காசிய வம்சத்தாருக்கு நீரிழிவும் இதய நோயும் வரும் ஆபத்து அதிகம். நாற்பதைக் கடந்து, வருடக்கணக்காக உடற்பயிற்சி இல்லாமல் இருந்து, நேராக 15 சதவீத ஏற்றத்துக்கு வருபவர்கள் ஒருமுறை ஜிபியை, அதாவது உங்கள் குடும்ப மருத்துவரை, பார்த்துவிட்டு வாருங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் குளுக்கோஸைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள், சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் வேண்டாம்.

ஏற்றத்தில் நெஞ்சு இறுகினாலோ, வலி தாடைக்கும் கைக்கும் பரவினாலோ அங்கேயே நிறுத்தி உட்கார்ந்து அவசர உதவி எண்ணான 999ஐக் கூப்பிடுங்கள். பள்ளத்தில் உங்கள் நெட்வொர்க் கிடைக்காமல் போகலாம்; வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் அவசர அழைப்பு அதன் வழியாகப் போகும். பேச முடியாத நிலையில் எஸ்எம்எஸ் அனுப்பவும் வழி உண்டு, ஆனால் அதற்கு முன்கூட்டியே பதிய வேண்டும். ‘ரெஜிஸ்டர்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி 999க்கு அனுப்பினால் பதில் வரும், அதில் சொன்னபடி செய்தால் போதும். வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே செய்துவிடுங்கள்.