பார்க்கப் போனால் நகரும் அணு

ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தாளான கிராஃபீன் என்றால் எல்லாரும் போடுவது அந்தத் தேன்கூட்டுப் படம்தான், ஒரு கார்பன்கூட வரிசை தப்பாது. நிஜத் தாள் அவ்வளவு சமர்த்து இல்லை. ஓரிடத்தில் அணுவே இருக்காது, இன்னோரிடத்தில் வேற்று அணு ஒன்று புகுந்து உட்கார்ந்திருக்கும், வேறெங்கோ நாலு அறுகோணங்கள் முறுக்கிக்கொண்டு இரண்டு ஐங்கோணமும் இரண்டு எழுகோணமுமாக ஆகியிருக்கும்.

இதையெல்லாம் குறைபாடு என்கிறார்கள். எனக்கென்னவோ அந்தப் பெயர் பொருந்தவில்லை. போரானும் நைட்ரஜனும் சேர்ந்த தேன்கூட்டுத் தாளான ஹெக்சகனல் போரான் நைட்ரைடில் உள்ள சில குறைபாடுகள் அறை வெப்பநிலையிலேயே ஒளியை ஒவ்வொரு ஃபோட்டானாக, அதாவது ஒவ்வொரு ஒளித்துகளாக விடுகின்றன, குவாண்டம் தொழில்நுட்ப ஆட்களுக்கு அதுதான் வேண்டும். ஆனால் மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த தாளான மாலிப்டினம் டைசல்ஃபைடில் ஒரு கந்தக அணு போனால், அந்தக் காலியிடம் எலக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொண்டு டிரான்சிஸ்டரைக் கெடுக்கலாம்.

சரி, எப்படிப் பார்ப்பது? ஒரு வழி, கூரான ஊசியைத் தாளில் படாமல் மிக அருகே நகர்த்தி, இடைவெளியில் கசியும் மின்னோட்டத்தை அளப்பது. இடைவெளி 0.1 நானோமீட்டர் மாறினாலே மின்னோட்டம் ஏறக்குறைய 10 மடங்கு மாறும், அதனால் அணுவின் மேடு பள்ளம்கூடத் தெரியும். ஆனால் ஊசிக்குத் தெரிவது அணு இல்லை, அங்குள்ள எலக்ட்ரான்கள். கந்தகம் போன இடத்தில் ஆக்சிஜன் வந்து அமர்ந்திருந்தால், அதையும் காலியிடம் என்றே நினைத்து ஏமாறலாம்.

இன்னொரு வழி எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப். அணுவை விட மெல்லிய எலக்ட்ரான் கற்றையைத் தாளின் மேல் வரி வரியாக ஓட்டி, அகலமாகச் சிதறும் எலக்ட்ரான்களை எண்ணுவார்கள். அணுக்கரு கனமாக ஆக படத்தில் வெளிச்சம் கூடும். மாலிப்டினம் பளிச்சென்று தெரியும், மேலும் கீழுமாக இரண்டு கந்தகம் உள்ள இடம் அதைவிட மங்கல், ஒன்று போய்விட்டால் இன்னும் மங்கல்.

இதில்தான் வில்லங்கம். 100 கிலோவோல்ட்டில் வரும் எலக்ட்ரான் நேராக மோதினால் கிராஃபீனிலிருந்து கார்பனே தெறித்துவிடலாம், படம் எடுக்கப் போய் ஓட்டை போட்ட கதைதான். அதனால் 60 கிலோவோல்ட்டுக்கு இறங்கினார்கள். அப்போதும் கிராஃபீனில் சிக்கிய சிலிக்கான் அணு மட்டும் இடம் மாறியது. சிலிக்கான் பெரியது, தாளிலிருந்து கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். அதை ஒட்டிய கார்பன் மீது எலக்ட்ரான் மோதும்போது கார்பன் தெறித்து ஓடும் அளவுக்கு வேகம் கிடைப்பதில்லை, சற்றே எழும்புகிறது. அந்த நேரத்தில் சிலிக்கான் அதன் இடத்துக்குள் நழுவ, கார்பன் திரும்பி வந்து சிலிக்கான் இருந்த இடத்தில் அமர்கிறது.

அப்புறம் என்ன, கெடுத்ததையே கருவியாக்கிவிட்டார்கள். சிலிக்கான் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கத்துக் கார்பன் மீது கற்றையை நிறுத்திக் காத்திருப்பது, நகர்ந்ததும் அடுத்த கார்பனுக்குப் போவது. வியன்னா பல்கலைக்கழகத்திலும் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்திலும் இப்படி நகர்த்திக் காட்டியிருக்கிறார்கள். 1989இல் ஐபிஎம்மில் ஊசியால் 35 செனான் அணுக்களை அடுக்கி எழுத்து எழுதியது இதைவிடப் பிரபலம், ஆனால் அவை கடுங்குளிரில் நிக்கல் மேல் வெறுமனே ஒட்டியிருந்தவை, சூடானால் கலைந்துவிடும். இந்தச் சிலிக்கானோ கிராஃபீனோடு பிணைந்து அறை வெப்பத்திலும் அங்கேயே இருக்கும்.

எப்போது நகரும் என்று மட்டும் சொல்ல முடியாது. கார்பனும் சும்மா நிற்பதில்லை, அதிர்ந்துகொண்டே இருக்கிறது; எலக்ட்ரான் போகும் திசையிலேயே அதுவும் அசைகிற நொடியில் அடி விழுந்தால்தான் இரண்டும் சேர்ந்து போதுமான உந்துதல் கிடைக்கும், அதுவரை கற்றையை அங்கேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.