படிவத்தில் ‘அரபி’ என்று எழுதினால் போதுமா?

சென்னையில் ஒரு மருத்துவமனையில் அரபி மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறேன். ஓமன், ஏமன், ஈராக், சூடான் என்று பல நாட்டு நோயாளிகள் வருகிறார்கள். படிவத்தில் மொழி என்ற இடத்தில் எல்லோருக்கும் ஒரே சொல்தான்: அரபி.

நான் அரபிக் கல்லூரியில் படித்தது ஃபுஸ்ஹா. புத்தகத்துக்கும் செய்தி வாசிப்புக்கும் உரிய ஏட்டு அரபி. வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. ‘இப்போது வலிக்கிறதா?’ என்று கேட்க வேண்டும். ‘இப்போது’ என்பதற்கு ஏட்டில் ‘அல்ஆன்’. ஈராக்கியர் ‘ஹஸ்ஸா’ என்பார், வளைகுடாக்காரர் ‘அல்ஹீன்’, மொராக்கோக்காரர் ‘தாபா’. படித்தவர்கள் ஏட்டு மொழியைப் புரிந்துகொள்வார்கள். பள்ளிக்கூடமே போகாத பாட்டி, மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார்.

சரி, அது அரபிக்குள் இருக்கும் சிக்கல். அரபியே இல்லாத இடமும் உண்டு. ஈராக்கின் சுலைமானியாவிலிருந்து ஓர் இளைஞர் அறுவை சிகிச்சைக்கு வந்திருந்தார். ஈராக் பாஸ்போர்ட் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். “வெறும் வயிற்றோடுதானே இருக்கிறீர்கள்?” என்று கேட்டேன். “நஅம், நஅம்” என்றார். ஆமாம் என்று அர்த்தம். அப்படியே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மருந்து வாங்கப் போயிருந்த அவர் அப்பா வந்து மகனிடம் ஏதோ கேட்டார். மகன் சொன்ன பதிலில் இரண்டே சொற்கள் என் காதில் விழுந்தன: ‘நான்’, ‘சா’. நம் ஓட்டல்களில் கிடைக்கும் அதே நான் ரொட்டி, ‘சா’ தேநீர். லாட்ஜில் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்! மயக்க மருந்து கொடுத்திருந்தால், வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் ஏறியிருக்கலாம். இன்றைக்கும் நினைத்தால் பதறுகிறது.

அவர்கள் பேசியது குர்து. எழுத்து அரபி எழுத்து, உறவோ பாரசீகத்தோடு. ஈராக்கின் 2005 அரசியல் சாசனப்படி அரபியும் குர்தும் ஆட்சிமொழிகள். 1991க்குப் பிறகு குர்துப் பகுதி தன்னாட்சியோடு இயங்க, பிள்ளைகள் குர்து மொழியிலேயே படித்து வளர்ந்தார்கள். பட்டாளத்தில் அரபி பழகிய அப்பாவுக்குத் தெரிந்தது மகனுக்குத் தெரியவில்லை. வயதானவருக்குத்தான் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், இங்கே நேர்மாறு. ஆப்கானியர்களிடமும் கவனம் வேண்டும். சிலருக்கு தரி, அதாவது பாரசீகம், சிலருக்கு பஷ்தூ.

இப்போதெல்லாம் என் முதல் கேள்வி, “அம்மாவிடம் எந்த மொழியில் பேசுவீர்கள்?” அப்புறம், ஆமாம் என்று தலையாட்டி முடிக்கக்கூடிய கேள்விகளை விட்டுவிட்டேன். “கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு?” என்றுதான் கேட்கிறேன்.

பதிவு மேசையில் இருப்பவர்களே, நாட்டோடு ஊரையும் வீட்டு மொழியையும் கேட்டு எழுதுங்கள். ‘சுலைமானியா, குர்து’ என்று படிவத்தில் இருந்திருந்தால், அன்றைக்கு அவர் அப்பா வரும்வரை நான் காத்திருந்திருப்பேன்.