கால் ஏன் கீழே போகிறது?

"மாமா, கால் கீழ போகுது."

பாசிக்குடாக் கடலில் நீந்திப் பழகிய என் அக்காவின் மகள், 12 வயது, போட்டிக்கென்று முதன்முதலாக நீச்சல் தடாகத்தில் இறங்கிய அன்று சொன்னது இது. நீச்சல் மறந்துபோகவில்லை. கடல்நீர் நன்னீரை விட ஏறக்குறைய 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. அதுவரை உப்புத் தண்ணீர் தாங்கிக் கொடுத்ததை இனி உடம்புதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காற்று நிறைந்த நுரையீரல் நெஞ்சில் இருப்பதால், தண்ணீர் நம்மைத் தூக்கும் விசை அந்தப் பக்கமாகச் செயற்படுகிறது. எடையின் மையமோ அதைவிடக் கீழே, இடுப்பை அண்டி இருக்கிறது. நெஞ்சு மிதக்கும், கால் தாழும். தாழ்ந்த உடம்பு, சரித்துப் பிடித்த பலகை மாதிரித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் தடை கிட்டத்தட்ட நான்கு மடங்காகும் என்பதால், கெதியாக நீந்துகிற பிள்ளைக்குத்தான் நட்டம் அதிகம்.

இடுப்பைத் தாழவிடாமல் பிடித்திருப்பவை நடுவுடல் தசைகள். சிக்ஸ் பேக்கை நினைக்காதீர்கள். வயிற்றைச் சுற்றிப் பட்டி போலக் கட்டியிருக்கும் ஆழமான தசை, விலாப்பக்கச் சரிவுத் தசைகள், முள்ளந்தண்டை ஒட்டிய சிறுதசைகள், மேலே நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற பிரிமென்றகடு, கீழே இடுப்புத் தளத் தசைகள். இவற்றுக்கு முக்கிய வேலை வளைப்பது அல்ல, வளையாமல் பார்ப்பது.

வாவியில் கம்பு ஊன்றித் தோணி தள்ளுகிறவரைப் பாருங்கள். கம்பு உரமாக இருந்தால் ஊன்றிய விசை தோணிக்குப் போகும். வளைகிற கம்பென்றால் அந்த வளைவிலேயே வீணாகும். நீந்துகிறவருக்கு ஊன்றத் தரைகூட இல்லை. கை தண்ணீரைப் பிடித்து இழுக்கும்போது தோளும் இடுப்பும் ஒரே தண்டாக உருள வேண்டும். நடு தளர்ந்தால் கை ஒரு பக்கம் இழுக்க, கால் மறுபக்கம் ஆடும். களைத்துப்போன கடைசி 10 மீற்றரில் பிள்ளைகள் சாரைப்பாம்பு போல நெளிவது இதனால்தான். சுவரை உதைத்துக் கிளம்பி நீருக்கடியில் இரு காலையும் சேர்த்து அடிக்கிற டொல்பின் உதையும் அப்படியே: நெஞ்சுக்குக் கீழே சின்ன அலையாகத் தொடங்கிக் கால்நுனியில் பெருக வேண்டும். முழங்காலால் மட்டும் உதைத்தால் நுரைதான் மிச்சம்.

சரி, பயிற்சி? படுத்திருந்து நூறு தடவை எழும்பி உட்காரும் பழக்கத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. தண்ணீரில் அப்படி மடங்குகிற வேலை சுவரில் உருண்டு திரும்பும்போது தவிர அதிகம் இல்லை. பாரமும் வேண்டாம், ஒரு பாய் போதும். மல்லாந்து படுத்து, கைகளை நேரே உயர்த்தி, முழங்காலை மடித்துத் தூக்கி, வலக்கையையும் இடக்காலையும் மெல்ல இறக்குவது, பிறகு மாற்றி. நாரி, அதாவது இடுப்பின் பின்பக்கம், பாயை விட்டு எழும்பக் கூடாது. நான் அவளுடைய நாரிக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். முதல் நாள் ஆறாவது தடவையிலேயே விரல் நுழைந்தது, அத்தோடு நிறுத்தினோம். எண்ணிக்கைக்காக உடம்பு கோணினால் பழகுவதும் கோணல்தான்.

அப்புறம், மூச்சைப் பிடிக்கக் கூடாது. அதற்காகப் பாட்டுப் பாடிக்கொண்டே செய்யச் சொல்லியிருக்கிறேன். மூச்சு நின்றால் பாட்டும் நின்றுவிடும். பாயில் படுத்துக்கிடந்து பாடுவது என்ன நீச்சல் என்று அவளுடைய அம்மம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.