‘டக்’ என்ற சத்தத்தைப் படம் பிடிப்பது

காதுத் துளைக்கு முன்னால் ஒரு விரலை வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஒரு குமிழ் முன்னும் பின்னும் நழுவும். கீழ்த்தாடை மண்டையோட்டோடு சேரும் மூட்டு அதுதான். சிலருக்கு அங்கே ‘டக்’ என்று சத்தம் வரும். கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும்.

வலியும் சேர்ந்துகொண்டால் பல் டாக்டர் முதலில் எடுக்கச் சொல்வது பெரும்பாலும் ஓபிஜி, அதாவது தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே. அசையாமல் நிற்பவரின் தலையை எக்ஸ்ரே குழாய் சுற்றி வரும். எதிர்ப்பக்கம் பதிவுக் கருவியும் கூடவே சுற்றும். தாடையின் வளைவில் இருப்பவை மட்டும் தெளிவாக விழும், மற்றவை கலங்கிப் போகும். குதிரை லாடம் மாதிரி வளைந்த தாடை, விரித்த பாய் போலத் தட்டையாகக் கிடைக்கும். நல்ல படம்தான். ஆனால் அதில் தெரிவது எலும்பும் பல்லும். சத்தத்துக்குக் காரணமோ பெரும்பாலும் இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்ன வட்டு.

நார் நிறைந்த அந்த வட்டு நடுவில் மெலிந்து, முன்னும் பின்னும் தடித்திருக்கும். ஒழுங்காக இருந்தால் தாடைக் குமிழின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும். முன்னால் நழுவிவிட்டால், வாயைத் திறக்கும்போது குமிழ் வட்டின் தடித்த பின்விளிம்பைத் தாண்டிக் குதிக்க வேண்டும். அந்தக் குதிப்புதான் ‘டக்’. தாண்ட முடியாமல் போனால் சத்தம் இருக்காது, வாயும் முழுசாகத் திறக்காது.

இதை எம்.ஆர்.ஐ. எப்படிப் பார்க்கிறது? அதில் உள்ள 1.5 டெஸ்லா (காந்தப் புல வலிமையின் அலகு) காந்தம் பூமியின் காந்தப் புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு வலிமையானது. அதற்குள் படுத்திருப்பவரின் உடலில் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்களை, ஏறக்குறைய 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை தட்டி எழுப்பும். அலையை நிறுத்தியதும் அவை பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டே சமிக்ஞை தரும். எலும்பு மஜ்ஜையில் கொழுப்பு அதிகம், வெள்ளையாகத் தெரியும். வட்டில் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருப்பதால் சமிக்ஞை குறைவு. அதனால் கறுப்பாக, கழுத்தில் கட்டும் ‘போ’ டை வடிவத்தில் தெரியும்.

வாயை மூடி ஒரு முறை, பற்களுக்கு நடுவில் கட்டை வைத்துத் திறந்து ஒரு முறை என்று இரண்டு தடவை எடுப்பார்கள். நழுவிய வட்டு திரும்ப இடத்துக்கு வருகிறதா என்பது திறந்த வாய்ப் படத்தில்தான் தெரியும். ஒன்று சொல்லிவிட வேண்டும்: வலியே இல்லாதவர்களைப் பரிசோதித்தாலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வட்டு நழுவியிருக்கிறது. ரிப்போர்ட்டில் அந்த வரியைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம்.

பல நேரம் வலி மூட்டில் அல்ல, தசையில். பல்லை இறுகக் கடித்தால் கன்னத்தில் புடைக்குமே, அது மாசெட்டர் தசை. தூக்கத்தில் நறநறவென்று பல் கடிப்பவர்களுக்கு இது பெருத்து, உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டியோ என்று பயமுறுத்தும். இதற்கு அல்ட்ராசவுண்டே போதும். திசுவுக்குள் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் ஓடும் ஒலி, எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் கணக்கிடப்படும். தசை கருமையாக, நடுநடுவே வெள்ளைக் கோடுகளோடு தெரியும். சுரப்பி அதைவிட வெளுப்பாக இருக்கும். கடிக்கச் சொன்னால் தசை தடிப்பதைத் திரையிலேயே பார்க்கலாம், அளக்கலாம்.

ஆனால் தாடை எலும்புக்கு உட்பக்கம் ஒளிந்திருக்கும் டெரிகாய்டு தசைகளை ஒலி எட்டுவது கடினம், எலும்பு மறித்துவிடும். அவற்றைப் பார்க்க மறுபடி அந்தக் காந்தக் குகைக்குள்தான் படுக்க வேண்டும்.