சுருளா, காற்றா: ஃபோர் வீல் டிரைவ் வண்டியை எது தாங்கினால் நல்லது?

ராத்திரி நேரம். எதிரே ஒரு வண்டி வருகிறது. லோ பீம்தான் போட்டிருக்கிறார், ஆனாலும் வெளிச்சம் நேராக நம் கண்ணில் அடிக்கிறது. டிம் பண்ணச் சொல்லி லைட் அடித்துக் காட்டினாலும் பலனில்லை. கடந்து போகும்போதுதான் காரணம் தெரிகிறது. பின்சீட் நிறைய ஆள், டிக்கி நிறைய மூட்டை. வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிட, ஹெட்லைட் மரக்கிளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வண்டியைத் தாங்க எஃகுச் சுருளான காயில் ஸ்பிரிங்கா, காற்றடைத்த பையான ஏர் சஸ்பென்ஷனா என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் இந்தக் காட்சிதான் நினைவுக்கு வரும். பலரும் இதைச் சொகுசுக்கும் உழைப்புக்கும் நடக்கிற போட்டியாகப் பார்க்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: உங்கள் வண்டி சுமக்கும் எடை நாளுக்கு நாள் எவ்வளவு மாறுகிறது?

காயில் ஸ்பிரிங்கை அழுத்தினால் அது நசுங்குவதாகத்தான் தோன்றும். ஒரே ஒரு சுற்றை மட்டும் கூர்ந்து பாருங்கள். மேலிருந்து அழுத்த அழுத்த, ஈரத்துணியைப் பிழிவதுபோல அந்த எஃகுக் கம்பி முறுக்கப்படுகிறது. முறுக்கியதை விடுவித்துக்கொள்ள எஃகு முண்டுகிறதே, அந்த முண்டல்தான் வண்டியைத் தாங்கி நிற்கிறது. கம்பியின் தடிமன் இதில் நான்காம் படியில் வேலை செய்யும். 10 சதவீதம் தடித்த கம்பியைப் போட்டால் விறைப்பு 46 சதவீதம் ஏறிவிடும். "கொஞ்சம் ஹெவி ஸ்பிரிங்" மாட்டியவர்கள் வெறும் வண்டியில் முதுகு வலிக்கிறது என்று சொல்வது இதனால்தான்.

இந்த விறைப்பு ஸ்பிரிங் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. பிறகு நாம் மாற்ற முடியாது. எடை எவ்வளவு கூடுகிறதோ அதே விகிதத்தில் அமுங்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். வெறும் வண்டியில் 10 செ.மீ. அமுங்கி நிற்கும் பின் ஸ்பிரிங், அதன்மேல் வரும் எடை 60 சதவீதம் கூடினால் 16 செ.மீ. அமுங்கும். வண்டி 6 செ.மீ. தாழ்ந்துவிட்டது. கூடவே அதன் ஆட்டமும் மாறுகிறது. முன்பு நொடிக்கு 1.6 முறை துள்ளிய உடல் இப்போது 1.25 முறைதான் துள்ளும். வெறும் வண்டி தூக்கிப் போடுவதும், பாரம் ஏற்றிய வண்டி படகுபோல அசைவதும் ஒரே ஸ்பிரிங்கின் இரண்டு முகங்கள்.

1970-இல் ரேஞ்ச் ரோவர் வந்தபோது ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் பெரும்பாலும் எஃகுத் தகடுகளாலான பட்டை ஸ்பிரிங்தான். ரேஞ்ச் ரோவர் நான்கு மூலையிலும் மென்மையான, நீளமாக அசையக்கூடிய காயிலைப் போட்டது. சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் தரையை விடாமல் பிடித்துக்கொண்டது. ஆனால் மென்மையான ஸ்பிரிங் பாரத்துக்குத் தாழத்தானே செய்யும்? அதனால் பின் ஆக்ஸிலின் மேல் போகே என்ற ஜெர்மன் கம்பெனியின் கருவி ஒன்றையும் சேர்த்தார்கள். பாரம் ஏறினால் வண்டியின் ஆட்டத்தையே பயன்படுத்தித் தன்னைத்தானே பம்ப் செய்து பின்பக்கத்தை உயர்த்தும் கருவி அது. 1992-இல் அதே வண்டிக்கு எலக்ட்ரானிக் ஏர் சஸ்பென்ஷன் வந்தது.

ஏர் சஸ்பென்ஷனில் எஃகுச் சுருளின் இடத்தில் நூலிழை வைத்துத் தைத்ததுபோல உறுதியாக்கிய ரப்பர் பை இருக்கிறது. ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். பையின் விட்டம் 10 செ.மீ. என்றால், அதன் பரப்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஏறத்தாழ 7.6 கிலோவைத் தாங்குகிறது. நம் டயரில் அடிக்கும் காற்று 2.3 கிலோ அளவுதான். உள்ளங்கை அகலப் பையில் அடைத்த காற்று இதைச் செய்கிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இதைவிட அழகான சங்கதி ஒன்று உண்டு. பாரம் ஏறியதும் சென்சார் உயரம் குறைந்ததைக் கண்டுபிடிக்கும், கம்ப்ரஸர் காற்றை ஏற்றும், வண்டி பழைய உயரத்துக்கே வந்துவிடும். இப்போது பைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது. பையின் கொள்ளளவு பத்தில் ஒரு பங்கு நசுங்கினால் அழுத்தமும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடும். 7 கிலோ இருந்த பையில் அது 0.7, 10 கிலோ இருக்கும் பையில் 1. அதாவது எடை கூடியதும் ஸ்பிரிங்கும் தானாகவே விறைத்துக்கொண்டது. அதனால் துள்ளும் வேகம் கிட்டத்தட்ட மாறுவதில்லை. ஒருவர் போனாலும் ஏழு பேர் போனாலும் ஒரே நடை. எந்தக் காயிலாலும் இது முடியாது.

உயரத்தை மாற்றுவது அடுத்த லாபம். 2020-இல் வந்த லேண்ட் ரோவரின் புதிய டிஃபெண்டரில் ஏர் சஸ்பென்ஷன் இருந்தால், ஏறி இறங்க 50 மி.மீ. தாழும், காட்டுப்பாதைக்கு 75 மி.மீ. உயரும், தேவைப்பட்டால் இன்னும் 70 மி.மீ. தூக்கிக்கொள்ளும். ஏர் சஸ்பென்ஷனோடு 900 மி.மீ. தண்ணீரில் போகலாம், காயில் என்றால் 850 மி.மீ.

ஆனால் உயரம் இலவசமாக வருவதில்லை. வண்டியைத் தூக்கினால் சக்கரம் கீழே இறங்க மிச்சமிருக்கும் தூரம் குறைகிறது. அதனால்தான் உச்ச உயரத்தில் வண்டி கட்டைபோல ஓடுகிறது. அப்புறம், இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒரே உருட்டுக் கட்டைபோல இணைக்கும் முழு ஆக்ஸில் உள்ள வண்டியில் உடல்தான் உயரும். சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் (டிஃப்) ஆக்ஸிலோடு சேர்ந்து அதே இடத்தில் இருக்கும், அதன் அடியில் இடைவெளி வேண்டுமென்றால் பெரிய டயர்தான் வழி. சக்கரங்கள் தனித்தனியாக அசையும் வண்டியில் டிஃபும் சேர்ந்து மேலே போகும். லேண்ட் ரோவரின் 2004 டிஸ்கவரி 3 அப்படிப்பட்டது. அதில் இடது, வலது பைகளை வால்வு திறந்து இணைத்துவிடுவார்கள். ஒரு சக்கரம் பாறையில் ஏறும்போது அந்தப் பக்கக் காற்று மறுபக்கப் பைக்குப் போய் மற்ற சக்கரத்தைக் கீழே தள்ளும். தராசுத் தட்டுபோல வேலை செய்யும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

சரி, கெட்டுப்போனால்? காலையில் வந்து பார்த்தால் வண்டியின் ஒரு மூலை மட்டும் டயர்மேல் படுத்திருக்கும். ரப்பர் பை மடங்கி மடங்கி நிமிரும் இடத்தில் நுண்ணிய வெடிப்பு விட்டிருக்கும். மெக்கானிக் சோப்புத் தண்ணீரைத் தெளிப்பார், மடிப்பில் சின்னச் சின்ன நுரைக்குமிழ் எழும். அந்த வெடிப்பை அலட்சியம் செய்வதுதான் பெரிய செலவுக்கு வழி. கசிவை ஈடுகட்டக் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், சூடேறும், கடைசியில் அதுவும் போகும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையர் நிறைந்துபோனால் ஈரம் வால்வுகளுக்குள் போய் அங்கேயும் வேலை வைக்கும்.

காயிலும் உடையும், ஆண்டுகள் போனால் தளரும். ஆனால் முனை உடைந்த காயிலோடு பெரும்பாலும் மெதுவாக அடுத்த ஊர் போய்ச் சேரலாம். காற்று இறங்கிய வண்டி ரப்பர் கட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டால் மாட்டுவண்டி வேகம்தான். தொலைதூரம் போகிறவர்கள் சிலர் காற்றுக் குழாயில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்திக்கொள்கிறார்கள். கம்ப்ரஸர் கைவிட்டாலும் டயர் பம்பால் பையை நிரப்பலாம். நல்ல யோசனை.

என் தேர்வைச் சொல்கிறேன். இன்று தனியாக ஆபீஸ், நாளை குடும்பத்தோடு பயணம், அடுத்த வாரம் டிரெய்லர் என்று மாறிக்கொண்டே இருக்கும் வண்டிக்கு ஏர். கூடாரமும் தண்ணீர்த் தொட்டியும் நிரந்தரமாக ஏற்றி, மெக்கானிக் இல்லாத ஊர்களுக்குப் போகும் வண்டிக்குக் காயில். எடை மாறாதபோது அந்த எடைக்கேற்ற ஸ்பிரிங்கைப் போட்டால் முடிந்தது. வருஷத்தில் நாலு நாள்தான் பாரம் என்றால், காயிலுக்குள் நுழைக்கும் சின்னக் காற்றுப்பை போதும். பழைய வண்டியைப் பத்து வருஷம் வைத்து ஓட்ட நினைப்பவருக்கும் காயிலைத்தான் சொல்வேன்.

ஏர் சஸ்பென்ஷன் வண்டியைப் பழையதாக வாங்கப் போகிறீர்களா? முந்தின நாள் மாலையே போங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து நான்கு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் தனியாக இறங்கியிருந்தால், விலை பேசுவதற்கு முன் சோப்புத் தண்ணீரைக் கேளுங்கள்.