இயற்பியலும் வேதியியலும் வேண்டுமென்றால் படிவம் 3-லேயே கேளுங்கள்

"பிள்ளை சைன்ஸ்தான் எடுத்தான், அப்புறம் ஏன் மெட்ரிகுலேஷன் அறிவியல் பிரிவு கிடைக்கல?" மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில், எஸ்.பி.எம். (படிவம் 5 முடிவில், 17 வயதில் எழுதும் பொதுத் தேர்வு) முடிவு வந்த பிறகு பெற்றோர் கேட்கும் கேள்வி இது. சான்றிதழைப் பார்த்தால் பதில் அதிலேயே இருக்கும். அங்கே இருப்பது 1511 என்ற குறியீடு கொண்ட பொது அறிவியல் பாடம். இயற்பியலின் குறியீடு 4531, வேதியியல் 4541, உயிரியல் 4551, கூடுதல் கணிதம் 3472. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான மெட்ரிகுலேஷனில் அறிவியல் பிரிவுக்கு வேதியியலும் கூடுதல் கணிதமும் வேண்டும். மருத்துவம், பார்மசி, பொறியியல் பட்டப்படிப்புகளுக்குப் போகும் நேர்வழியும் இந்தப் பாடங்களின் வழியாகத்தான். படிவம் 4-க்குப் பள்ளி கொடுக்கும் பாரத்தில் பாடத் தொகுப்பின் பெயர் எதுவாக இருந்தாலும், கையெழுத்து போடுவதற்கு முன் இந்த எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பாகுபாடு 2020-இல் எடுக்கப்பட்டது. இப்போது படிவம் 4-க்குப் பாடத் தொகுப்புகள். காகிதத்தில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சுதந்திரம். ஆனால் ஆசிரியர், ஆய்வுக்கூடம், கேட்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை, இந்த மூன்றும் இடம் கொடுக்கும் தொகுப்பைத்தான் பள்ளியால் திறக்க முடியும். சிறிய பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் மாற்றலாகிப் போனால் வேறு பாட ஆசிரியர் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்வார், இல்லாவிட்டால் தொகுப்பே நின்றுவிடும். ஓராண்டு நின்றால், கீழ்வகுப்புப் பிள்ளைகள் அது தங்களுக்கில்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். கேட்பவர் குறைவதால் மறு ஆண்டும் திறப்பதில்லை. அறிவியலுக்கு 60 சதவீதம், கலைக்கு 40 சதவீதம் என்ற விகிதத்தை நாடு 1970 முதல் இலக்காக வைத்திருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு மூளை இல்லை என்பதால் அந்த 60-க்குள் வராமல் போகவில்லை. அவன் பள்ளியின் கால அட்டவணையில் அந்தப் பாடமே இல்லை.

எனவே படிவம் 3-இன் நடுவிலேயே கவுன்சிலிங் ஆசிரியரைப் பாருங்கள். அடுத்த ஆண்டு 4531, 4541, 3472 மூன்றும் ஒரே தொகுப்பில் உண்டா? கணிதத்திலும் அறிவியலிலும் எவ்வளவு மதிப்பெண் எதிர்பார்க்கிறார்கள்? படிவம் 3 பொதுத் தேர்வான பி.டி.3 2022-இல் நீக்கப்பட்டதால் பள்ளி மதிப்பீட்டின் எடை கூடிவிட்டது. கணிதம் தடுமாறும் பிள்ளைக்கு டியூஷன் காசைப் பல பாடங்களுக்குப் பங்கு போடாமல் அல்ஜீப்ராவுக்கு மட்டும் செலவழிப்பது மேல். இயற்பியல் கணக்குகளில் பிள்ளைகள் சறுக்குவது சூத்திரத்தை மாற்றி எழுதும் இடத்தில்தான்.

பள்ளியில் தொகுப்பே இல்லையென்றால் பக்கத்துப் பட்டணப் பள்ளிக்கு மாற்றம் கேட்டு எழுதலாம். மாற்றக் கடிதத்தில் "வசதிக்காக" என்று எழுதாமல், எந்தப் பாடம் இங்கே இல்லை என்று குறியீட்டோடு எழுதுங்கள். அதற்கு முன் பஸ்ஸை விசாரியுங்கள். ஈப்போவுக்கோ கோலகங்சாருக்கோ இடம் கிடைத்தும், மாலை ஆய்வுக்கூட வகுப்பு முடிந்து தோட்டத்துக்குத் திரும்ப வண்டி இல்லாததால் பாடத்தை விட்ட பிள்ளைகள் உண்டு. விடுதி உள்ள பள்ளியென்றால் விடுதி இடத்துக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

பாடம் கிடைத்துவிட்டாலும் ஏற்றத்தாழ்வு ஆய்வுக்கூடத்தில் தொடர்கிறது. 2021 எஸ்.பி.எம். முதல் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களின் மூன்றாம் தாள் கையால் செய்யும் செய்முறைத் தேர்வு. நான்கைந்து பேருக்கு ஒரு பியூரெட் (திருகு வைத்த அளவுக் குழாய்) என்றால் ஒருவன் திருகுகிறான், மற்றவர்கள் எண்ணை எழுதிக்கொள்கிறார்கள். டைட்ரேஷனை, அதாவது காரத்தைச் சமன்செய்ய எவ்வளவு அமிலம் வேண்டும் என்று அளக்கும் சோதனையை, எடுத்துக்கொள்ளுங்கள். 25 கன செ.மீ. காரத்தைப் பிப்பெட்டில் எடுத்து, நிறங்காட்டியான பினால்ப்தலீன் இரண்டு மூன்று சொட்டு விட்டு, இளஞ்சிவப்பு மறையும்வரை அமிலம் சேர்க்க வேண்டும். புத்தகத்தில் இது இரண்டு வரி. பியூரெட்டைத் தண்ணீரால் மட்டும் கழுவினால் உள்ளே ஒட்டிய நீர் அமிலத்தை நீர்த்துவிடும், அளவு கூடுதலாக வரும். திருகுக்குக் கீழே காற்றுக்குமிழி இருந்து நடுவில் வெளியேறினாலும் அளவு கூடும். கண்ணை மேலே வைத்துப் பார்த்தால் பியூரெட்டில் எண் குறைவாகத் தெரியும், அளவுக் குவளையிலோ அதிகமாகத் தெரியும். இதையெல்லாம் செய்து பார்க்காத பிள்ளை மனப்பாடத்தால் ஈடுகட்ட முடியாது.

ரப்பர் பால் உறைவது படிவம் 5 வேதியியலில் வருகிறது, தாளில் மலாயில் "பெங்கும்பாலான் லாதெக்ஸ்" என்று இருக்கும். பாலில் அமிலம் விட்டால் கட்டியாகும், அமோனியா விட்டால் ஆகாது என்பதைப் பால்மரம் வெட்டும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ரப்பர் துகள்களைச் சுற்றியுள்ள புரதப் படலத்தின் எதிர்மின்னூட்டத்தை அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி சமன்செய்கிறது, துகள்கள் மோதிப் படலம் கிழிகிறது, ரப்பர் ஒன்றுசேர்கிறது. கண்ணால் பார்த்ததன் காரணத்தை அந்த வீட்டுப் பிள்ளைதான் முதலில் பிடித்துக்கொள்வான்.

இயற்பியலின் ஊசல் சோதனைக்கு ஆய்வுக்கூடமே வேண்டாம். நூலில் ஒரு நட்டைக் கட்டி, கட்டிய இடத்திலிருந்து நட்டின் நடுவரை 25 செ.மீ. வைத்து, 10 டிகிரிக்குள் ஆட்டி, 20 அலைவுகளை (போய்த் திரும்புவது ஒன்று) கைப்பேசியில் நேரம் பாருங்கள். ஏறத்தாழ 20 விநாடி வர வேண்டும். ஒரு மீட்டர் நீளத்தில் 40. வேறாக வந்தால் பெரும்பாலும் "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியதுதான் பிழை, "பூஜ்யம்" என்று தொடங்க வேண்டும். அட்டவணையில் தலைப்போடு அலகு, எல்லா எண்ணிலும் ஒரே தசம இடம், வரைபடம் தாளில் பாதிக்கு மேல். மதிப்பெண் போவது இங்கேதான்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கூடாரத்துக்கும் பெயிண்டுக்கும் பணம் ஒதுக்கும்போது, இந்தத் தவணையில் எத்தனை செய்முறைகள் நடந்தன, எத்தனை பியூரெட்டின் திருகு ஒழுகுகிறது, ஒரு கருவிக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.