பெயரைச் சொல்லும் கொண்டை

ரோமப் பேரரசின் ஊர்களைத் தோண்டும்போது கிடைக்கும் பளிங்குத் தலைகளில் பெரும்பாலும் பெயர் இருப்பதில்லை. பீடம் தொலைந்திருக்கும், மூக்கு உடைந்திருக்கும். அப்புறம் எப்படி ‘இது லிவியா’, ‘இது ஃபாஸ்டினா’ என்று சொல்கிறார்கள்?

காசை வைத்துத்தான். அரசிகளின் பக்கவாட்டு முகத்தையும் அதைச் சுற்றிப் பெயரையும் பொறித்த காசுகள் நிறைய உள்ளன. அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது முகத்தை அல்ல, தலைமுடியை. அரசியின் ஒரு மாதிரிச் சிலையைப் பார்த்துப் பல ஊர்ச் சிற்பிகள் படியெடுத்தார்கள் என்பது ஆய்வாளர்களின் கருத்து. படியெடுக்கும்போது முகச்சாயல் கைக்குக் கை மாறும். கூந்தல் அமைப்பு அவ்வளவாக மாறாது. அகஸ்டஸின் மனைவி லிவியாவுக்கு நெற்றிக்கு மேலே முடியை மடித்துச் சுருட்டிய ஒரு முடிச்சு. மார்க்கஸ் அரேலியஸின் மனைவி ஃபாஸ்டினாவுக்கு அலையலையாக வாரிய முடி, பின்னால் கொண்டை.

ஆனால் அரசியைப் பார்த்து ஊர்ப் பெண்களும் அதே மாதிரி வாரிக்கொண்டார்கள். அதனால் கூந்தல் காலத்தைச் சொல்லும்; பெயரை எப்போதும் சொல்லிவிடாது. ரோமில் கப்பிட்டோலின் அருங்காட்சியகத்தில் உள்ள ‘ஃபொன்சேகா சிலை’ என்று அழைக்கப்படும் பெண் சிலை அப்படித்தான். அந்தப் பெண் யாரென்று யாருக்கும் தெரியாது. நெற்றிக்கு மேல் சுருள்கள் மலைபோல் குவிந்திருக்கின்றன. கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு சுருளின் நடுவிலும் ஆழமான துளை. உளியால் மட்டும் அதைச் செய்வது கடினம், மெல்லிய கல் உடைந்துவிடும். கயிற்றால் சுழற்றும் துளைப்பான்தான் இதற்குத் தோது. துளைக்குள் நிழல் விழ, கல் கருமுடியாகத் தெரிகிறது. பளிங்கில் இதைவிட அழகான வேலையை நான் பார்த்ததில்லை.

கண்ணும் ஒரு கடிகாரம். முன்பெல்லாம் விழியை வழவழப்பாக விட்டு, கருமணியை வண்ணத்தில் தீட்டினார்கள். வண்ணம் அழிந்ததால்தான் அந்தச் சிலைகள் இன்று வெறித்துப் பார்க்கின்றன. ஹேட்ரியன் ஆட்சியில், ஏறத்தாழ கி.பி. 130 முதல், கருமணியைச் செதுக்கவே தொடங்கினார்கள்.

சிரியாவின் எமேசாவில் பிறந்து, பின்னாளில் பேரரசரான செப்டிமியஸ் செவெரஸை மணந்த யூலியா டோம்னாவின் தலையில் தலைக்கவசம்போல் கனத்த கூந்தல். அது பொய்முடி என்று பலர் கருதுகிறார்கள். சில சிலைகளில் அதன் ஓரத்துக்கு அடியிலிருந்து ஒரு சின்னச் சுருள் கன்னத்தில் எட்டிப் பார்க்கிறது. அவளுடைய சொந்த முடி.